கீரை உருவினான், அடையைத் தொடவில்லை

கேள்வி: என் மகனுக்கு ஐந்தேகால் வயது. தோசை, தயிர்சாதம், நெய் விட்ட பருப்புச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பிஸ்கட், வாழைப்பழம். இதைத் தாண்டி எதையும் வாயில் வைக்க மாட்டான். சாதத்தில் ஒரு கறிவேப்பிலை கிடந்தால்கூட மொத்தச் சாதமும் வேண்டாம் என்பான். மூன்று வேளையும் சத்துமாவுப் பவுடர் கலந்து ஒரு டம்ளர் பால் குடிப்பான். அதையும் நிறுத்தினால் பிள்ளை என்ன ஆவான் என்று என் மாமியார் பயப்படுகிறார். போனைக் கையில் கொடுத்துத்தான் ஊட்டுகிறோம். சமையலில் சேர்த்துக்கொண்டால் பிள்ளைகள் சாப்பிடுவார்கள் என்று கேள்விப்பட்டு, போன ஞாயிற்றுக்கிழமை ராகி அடைக்கு முருங்கைக்கீரை உருவக் கூப்பிட்டேன். ஆசையாக வந்து முக்கால் மணி நேரம் உட்கார்ந்து உருவினான். அடையைச் சுட்டு வைத்தால் தொடக்கூட இல்லை. ஆத்திரத்தில் திட்டிவிட்டேன். அழுதான். இப்போது கூப்பிட்டால் அடுப்படிப் பக்கமே வருவதில்லை. "ஆம்பளைப் பையனுக்கு அங்கென்ன வேலை" என்று மாமியாரும் சொல்கிறார். எடை 16½ கிலோ, உயரம் 107 செ.மீ. அரிசி களையும்போது மட்டும் ஓடி வந்து பச்சரிசியை அள்ளி மெல்லுவான். நான் எங்கே தவறு செய்தேன்?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: பச்சரிசி மெல்லுகிறான் என்று. நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். எப்போதாவது விளையாட்டாக நாலு அரிசியை வாயில் போட்டுக்கொள்ளும் குழந்தையைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் அரிசி களையும் சத்தம் கேட்டதும் ஓடி வந்து அள்ளித் தின்கிறான் என்றால், அது இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறியாக இருக்கலாம். சாக்பீஸ், சாம்பல், சுவர்ச் சுண்ணாம்பு, மண் இவற்றைத் தேடித் தின்பதும் இதே வகைதான். மருத்துவத்தில் இதைப் பைக்கா என்பார்கள். இது அபூர்வமான விஷயமில்லை. 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது.

ஆகவே இந்த வாரமே குழந்தைகள் மருத்துவரிடம் காட்டி ஹீமோகுளோபின் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்க்கலாம். ஐந்து வயது தாண்டிய குழந்தைக்கு 11.5 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைந்தால் பசியும் குறையும். பசி குறைந்தால் சாப்பாடு குறையும், சத்து இன்னும் இறங்கும். இந்தச் சுற்றைச் சமையலால் மட்டும் அறுக்க முடியாது, மருந்து வேண்டும். எவ்வளவு, எத்தனை நாள் என்பதை எடை பார்த்து மருத்துவர் சொல்லட்டும். கடையில் நீங்களாக டானிக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் ஆண்டுக்கு இரண்டு முறை கொடுக்கும் பூச்சி மாத்திரையை அவன் போட்டானா என்றும் விசாரித்துவிட்டுப் போங்கள்.

அடுத்தது பால். ஒரு டம்ளர் 200 மில்லி என்றால் மூன்று டம்ளர் 600 மில்லி. இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு 400 முதல் 500 மில்லி போதும். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பாலிலுள்ள சுண்ணாம்புச்சத்தும் புரதமும் மற்ற உணவிலிருந்து வரும் இரும்பு உடம்பில் ஒட்டுவதையும் குறைக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேல், வயிறு நிறைந்துவிடுகிறது. இரவு ஏழு மணிக்குப் பால் குடித்த பிள்ளைக்கு எட்டு மணிக்கு என்ன பசி இருக்கும்? பவுடரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த வகைப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பின் கீழ் விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. டப்பாவைத் திருப்பி, சர்க்கரை எத்தனை கிராம் என்று படித்துப் பாருங்கள். வீட்டில் அரைத்த மாவாக இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் அப்போதும் இரண்டு டம்ளர்தான்.

மாமியாரிடம் பாலை நிறுத்தச் சொல்லிப் போராட வேண்டாம். அவருடைய பயம் நியாயமானது. எதையுமே சாப்பிடாத பிள்ளை பாலையாவது குடிக்கிறானே என்றுதான் அவர் பிடித்துக்கொண்டிருக்கிறார். "பாலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுக்கலாம் அத்தை" என்று நேரத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டு வாரத்தில் இரவு டம்ளர் தானாகப் பாதியாகும்.

எடையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்தக் கவலை எனக்குத் தெரிகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் ஐந்து வயது ஆண் குழந்தையின் நடு எடை 18.3 கிலோ, உயரம் 110 செ.மீ. எடை ஏறக்குறைய 14 கிலோவுக்குக் கீழே போனால்தான் எடைக்குறைவு என்கிறோம். உங்கள் பையன் நடுவுக்குக் கொஞ்சம் கீழே, பாதுகாப்பான எல்லைக்குள் இருக்கிறான். பிறக்கும்போது மூன்று கிலோ இருந்த குழந்தை ஒரு வயதில் ஒன்பது கிலோ ஆகிறது. இரண்டு வயதுக்கு மேல் வருஷத்துக்கு இரண்டு கிலோ ஏறினாலே நிறைவு. வளர்ச்சி இப்படி நிதானப்படும்போது பசியும் நிதானப்படும். "சின்னதில் எல்லாம் நன்றாகத்தான் சாப்பிட்டான், இப்போதுதான் இப்படி" என்று என்னிடம் வருகிற அம்மாக்களில் பாதிப் பேர் சொல்வது இதைத்தான்.

சரி, இப்போது அந்த அடைக்கு வருகிறேன். நீங்கள் அவனைக் கூப்பிட்டதில் தவறே இல்லை. முக்கால் மணி நேரம் ஒரு ஐந்து வயதுப் பையன் முருங்கைக்கீரை உருவியிருக்கிறான். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். பச்சையாக எது கண்ணில் பட்டாலும் தட்டைத் தள்ளுகிறவன், ஒரு முறம் கீரையை விரலால் தொட்டிருக்கிறான், வாசனை பிடித்திருக்கிறான், காம்பு வேறு இலை வேறு என்று பிரித்திருக்கிறான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் செய்ய வேண்டியதை முழுதாகச் செய்துவிட்டான். அதற்கு மேல் சாப்பிடவும் வேண்டும் என்று நீங்கள் மனதுக்குள் ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தீர்கள். அது அவனுக்குத் தெரியாது. கடைசியில் திட்டு விழுந்ததும், அம்மா கூப்பிட்டது இதற்குத்தானா என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அடுப்படிப் பக்கம் வராததற்குக் காரணம் அதுதான்.

இரண்டு வயது முதல் ஆறு வயது வரை புது உணவைக் கண்டு ஒதுங்குவது பெரும்பாலான குழந்தைகளுக்கு இருக்கும். தானாக நடந்து திரியத் தொடங்கிய பிள்ளை கண்ட இலையையும் காயையும் வாயில் போட்டுவிடாமல் இருக்க இயற்கை வைத்த தடுப்பு இது என்று கருதப்படுகிறது. பச்சை நிறமும் லேசான கசப்பும் அந்த எச்சரிக்கையை முதலில் தூண்டுபவை. அதிலும் நீங்கள் எடுத்துக்கொண்ட பலகாரம் ரொம்பக் கடினமானது. ராகி அடை கறுப்பாக இருக்கும், சொரசொரப்பாக இருக்கும், உள்ளே கீரை, வெங்காயம், மிளகாய் எல்லாம் கலந்து கிடக்கும். ஓர் இடத்தில் மொறுமொறுப்பு, இன்னோர் இடத்தில் மெத்தென்று. அடுத்த வாய் எப்படி இருக்கும் என்று அவனால் ஊகிக்கவே முடியாது. தோசையும் தயிர்சாதமும் அப்படியா? முதல் வாய் மாதிரியேதான் கடைசி வாயும்.

என் மகளுக்கு நான்கு வயது இருக்கும்போது, வாழைப்பூ ஆயும் நாட்களில் பக்கத்தில் உட்காரவைப்பேன். முதல் தடவை அவள் பூவைத் தொடவில்லை. கழற்றிப் போட்ட சிவப்பு மடல்களை எடுத்துப் படகு விட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை, விரலில் கறை ஏறாமல் இருக்க நான் நல்லெண்ணெய் தடவிக்கொள்வதைப் பார்த்து அவளும் கையை நீட்டினாள். சீப்பு மாதிரி அடுக்கியிருக்கும் பூக்களை ஒரு பிடி எடுத்து, நுனியை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் விரிந்துகொள்ளும். நடுவில் தீக்குச்சி மாதிரி தலை பெருத்து ஒன்று நிற்கும். அதற்குக் கள்ளன் என்று பெயர், வெந்தாலும் வேகாது, அதனால் எடுத்துவிட வேண்டும் என்று சொன்னேன். அவ்வளவுதான். ஒவ்வொன்றாக இழுத்து "கள்ளனைப் பிடிச்சிட்டேன், கள்ளனைப் பிடிச்சிட்டேன்" என்று எண்ண ஆரம்பித்துவிட்டாள். அடியில் ஒட்டியிருக்கும் கண்ணாடி போன்ற செதிலையும் தானே கண்டுபிடித்தாள். நறுக்கி மோர்த் தண்ணீரில் போடுவதும் அவள் வேலையானது.

அன்று செய்த உசிலியை அவள் சாப்பிடவில்லை. அடுத்த தடவையும் இல்லை. நான் எதுவும் கேட்கவில்லை. எங்கள் தட்டில் போட்டுக்கொண்டு நாங்கள் சாப்பிட்டோம். சில மாதங்கள் கழித்து ஒரு நாள் வாழைப்பூ வடை சுட்டபோது, முறுகிய ஓரத்தை மட்டும் கிள்ளித் தின்றுவிட்டு நடுப்பகுதியை வைத்துவிட்டாள். எனக்கு அந்த ஓரமே போதுமானதாக இருந்தது. ஒரு புது உணவு பழக்கமாவதற்கு பத்துப் பதினைந்து தடவைகூட அதைப் பார்க்கவும் ருசிக்கவும் வேண்டியிருக்கும். பெரும்பாலான வீடுகளில் மூன்றாம் நான்காம் தடவையோடு "இவனுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

லஞ்சம் கொடுப்பதும் இதே மாதிரி நம்மைத் திருப்பியடிக்கும். குழந்தைகள் உணவுப் பழக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் லீன் பர்ச், 1980களில் ஒரு சோதனை செய்தார். ஒரு புதுப் பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொல்லிக் கொடுத்தார்கள். குழந்தைகள் குடித்தார்கள். பிறகு பார்த்தால் அந்தப் பானத்தின் மேல் இருந்த விருப்பம் முன்பைவிடக் குறைந்திருந்தது. பரிசு கொடுத்துக் குடிக்க வைக்கிறார்கள் என்றால் அது நன்றாக இருக்காது என்றுதானே பிள்ளை நினைக்கும்? ஆகவே "கீரை சாப்பிட்டால் சாக்லேட்" வேண்டாம். "சமைத்தாயே, ஒரு வாய் சாப்பிடு" என்பதும் அதே கணக்கில்தான் சேரும்.

இனி என்ன செய்யலாம்? முதலில் அவனிடம் பேசுங்கள். "அன்னிக்கு அம்மா திட்டினது தப்பு கண்ணு. நீ கீரை உருவிக் கொடுத்தது எனக்குப் பெரிய உதவி" என்று இரண்டே வாக்கியம். அதோடு விட்டுவிடுங்கள். உடனே "வா, சமைக்கலாம்" என்று கூப்பிட வேண்டாம். ஒரு மாலையில் கடலைக்காயையோ பச்சைப் பட்டாணியையோ கூடத்தில் கொட்டிக்கொண்டு நீங்கள் பாட்டுக்கு உரித்துக்கொண்டிருங்கள். அவனே வருவான். வந்தால் ஒரு கிண்ணத்தைத் தள்ளிக் கொடுங்கள், அவ்வளவுதான். உரித்த பட்டாணி இரண்டை வாயில் போட்டால் பார்க்காத மாதிரி இருங்கள். "ஆ, சாப்பிட்டுட்டானே!" என்று கைதட்டினால்கூடச் சில பிள்ளைகள் துப்பிவிடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், அவனை உதவியாளாக நடத்துங்கள். தேர்வு எழுத வந்தவனாக நடத்த வேண்டாம். நம் வீடுகளில் ருசி பார்க்க ஒரு முறை உண்டு: கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கால் தொட்டுப் பார்ப்பது. கரண்டியும் எச்சிலாகாது, மாமியாரும் ஒன்றும் சொல்ல மாட்டார். ரசத்தையோ பருப்பையோ ஆறவைத்து அவன் கையில் ஒரு சொட்டு விட்டு, "உப்புப் போதுமா, சொல்லு" என்று கேளுங்கள். நிஜமாகவே கேளுங்கள், அவன் "போதாது" என்றால் ஒரு சிட்டிகை போடுங்கள். அந்தக் கேள்வியில் 'பிடிச்சிருக்கா?' என்பது இல்லை. சாப்பிடச் சொல்லவும் இல்லை. ஆனால் நாக்கில் பட்டுவிட்டது. துப்ப வேண்டுமென்றால் துப்பலாம் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். துப்ப அனுமதி உள்ள பிள்ளைதான் துணிந்து வாயில் வைப்பான்.

சாப்பாட்டில் அவனுக்குப் பழகிய ஒன்றிலிருந்து ஒரே ஒரு அடி தள்ளிப் போங்கள். தோசைதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். சாதா தோசை மாவில் இரண்டு ஸ்பூன் ராகி மாவு கரைத்தால் நிறம் லேசாகத்தான் மாறும். அதற்குப் பழகியதும் மூன்று, நாலு ஸ்பூன். 100 கிராம் ராகியில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, பாலைக் குறைத்த கவலையும் கொஞ்சம் தீரும். இன்னொரு நாள் சின்னச் சின்ன ஊத்தப்பம். துருவிய கேரட், தேங்காய், நறுக்கிய கொத்தமல்லி, சீரகம் எல்லாவற்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்து, மாவு கல்லுக்குப் போகுமுன் எதைத் தூவ வேண்டும் என்று அவனைக் காட்டச் சொல்லுங்கள். வெறும் தேங்காய் மட்டும் என்றால் வெறும் தேங்காய். கேரட்டை உங்கள் ஊத்தப்பத்துக்கு அவன் கையால் தூவட்டும்.

கீரையை அரைத்து அவனுக்குத் தெரியாமல் தோசை மாவில் கலந்துவிடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். எல்லா அம்மாக்களும் கேட்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். இவனுக்கு நம்பிக்கையான உணவுகளே கொஞ்சம்தான். ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டால் கீரை போவதோடு தோசையும் போய்விடும். அரைக்கலாம், ஆனால் அவனே மிக்ஸியில் கீரையைப் போடட்டும், மாவு பச்சையாவதை அவனே பார்க்கட்டும். பச்சைத் தோசை வேண்டாம் என்றால் பக்கத்தில் வெள்ளைத் தோசையும் ஒன்று இருக்கட்டும். மருத்துவர் இரும்புச்சத்துக் குறைவு என்று சொன்னால், அவன் சாப்பிடும் பருப்புச் சாதத்திலேயே நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்து பழக்குங்கள். பருப்பிலிருக்கும் இரும்பு உடம்பில் சேர வைட்டமின் சி உதவும்.

உங்கள் பக்கத்துச் சமையலிலேயே இவனுக்கென்று செய்தது போல ஒன்று இருக்கிறது: சந்தகை. புழுங்கலரிசி மாவை இட்லியாக அவித்து, அச்சில் போட்டு அழுத்தினால் நூல்நூலாக இறங்குமே, அது பார்ப்பதற்கே பிள்ளைகளுக்குத் திருவிழா. அழுத்துவது பெரியவர்கள் வேலை, சூடும் இருக்கும். கீழே தட்டை நகர்த்திப் பிடிப்பது அவன் வேலை. வெள்ளையாக, மெத்தென்று, ஒரே மாதிரி இருக்கும். தேங்காய்ப்பாலும் வெல்லமும் விட்டுக் கொடுத்தால் மறுக்க மாட்டான் என்று நினைக்கிறேன். இதை மாமியாரை முன்னால் நிறுத்திச் செய்யுங்கள். அப்பத்தாவுக்குக் கை கொடுப்பது என்றால் அவரே பேரனைக் கூப்பிடுவார். ஆம்பளைப் பையனுக்கு அங்கென்ன வேலை என்ற கேள்விக்கும் அவரிடமே பதில் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தி சமைத்தவர் யார்? ஆண்தானே. பசித்தால் தானே ஒரு தோசை வார்த்துக்கொள்ளத் தெரிந்த பிள்ளை எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான்.

ஒரு எச்சரிக்கை. தரையில் பாய் விரித்துச் செய்யும் வேலைகளை மட்டும் கொடுங்கள்: ஆய்வது, உரிப்பது, கழுவுவது, பிசைவது, உருட்டுவது. கொதிக்கும் எண்ணெய், குக்கர், அரிவாள்மனை இவற்றின் பக்கம் இப்போதைக்கு வேண்டாம். சூடு பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள், பேஸ்ட், மை எதுவும் தடவாதீர்கள்.

போனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடும் பிள்ளைக்குத் தான் என்ன தின்கிறோம் என்பதே தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. இத்தனை தடவை கீரையைத் தொட்டுப் பழகுவதெல்லாம் அங்கே வீணாகும். ஒரே நாளில் பிடுங்க வேண்டாம். இரவுச் சாப்பாட்டை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டு, வீட்டில் எல்லோரும் போனில்லாமல் ஒன்றாக உட்காருங்கள். அமெரிக்க உணவு ஆலோசகர் எலின் சாட்டர் பிரித்துக் கொடுத்த பொறுப்பை நான் பல வருடங்களாக எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்: என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்வது. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்வது. தட்டில் அவனுக்குப் பழகிய ஒன்று எப்போதும் இருக்கட்டும், பக்கத்தில் புதிதாக ஒன்று, ஒரு ஸ்பூன் அளவுக்கு மட்டும். அரை மணி நேரம். அப்புறம் தட்டை எடுத்துவிடலாம், கோபமில்லாமல். அடுத்த வேளை வரை பிஸ்கட் டப்பா மேல் தட்டில் இருக்கட்டும். முதல் ஒரு வாரம் உங்கள் மாமியாரைவிட உங்களுக்குத்தான் இது கஷ்டமாக இருக்கும்.

கடைசியாக ஒரு வேலை. ஒரு வாரம் அவன் வாயில் போய் இறங்கிய ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அப்பளம், மாம்பழம், சர்க்கரை தொட்ட பூரி எல்லாம் கணக்கு. கடிதத்தில் நீங்கள் எழுதியது பாலையும் சேர்த்து ஏழு. உட்கார்ந்து எழுதினால் பெரும்பாலும் அது இருபதைத் தாண்டும். தாண்டாவிட்டாலோ, சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒன்றை விட்டுவிட்டுத் திரும்ப எடுக்காமல் பட்டியல் சுருங்கிக்கொண்டே போனாலோ, புது உணவைப் பார்த்தாலே ஓங்கரிப்பு வந்தாலோ, மெல்லவும் விழுங்கவும் சிரமப்பட்டாலோ, எடை ஏறாமல் நின்றாலோ, அது சாதாரண அடம் இல்லை. அப்போது அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். வாய் உணர்வு சார்ந்த சிரமமா என்று பார்த்துப் பயிற்சி தருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் அனுப்புவார்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எண் எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள். அந்தப் பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு, அவன் சாப்பிடுகிற எதிலிருந்து எதற்கு நகரலாம் என்று இரண்டு மாதத்துக்கு உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.